சிறு நூலகத்துக்கு வருகிறவர்: சித்தூர், திருப்பதியை முன்வைத்து ஓர் ஆய்வு

பொது நூலகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எத்தனை புத்தகம் இருக்கிறது, எத்தனை உறுப்பினர் சேர்ந்திருக்கிறார்கள், கட்டடம் சொந்தமா வாடகையா என்றுதான் வழக்கமாகக் கேட்கிறோம். உள்ளே வந்து போகிறவருக்கு அங்கே என்ன நேர்கிறது என்ற கேள்வி அபூர்வமாகவே எழுகிறது. அவர் வந்த நேரத்தில் கதவு திறந்திருந்ததா, உட்கார இடம் கிடைத்ததா, தேடிய புத்தகம் கைக்கு வந்ததா, நாளைக்கும் வரலாம் என்று தோன்றியதா? ஒரு நூலகத்தின் தரத்தை அளக்க இதைவிட நேரான அளவுகோல் இல்லை. ஆனால் ஒரு கூடம், நாலைந்து மேசை, ஒரே ஒரு நூலகர் என்று நடக்கும் சிறு நூலகத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்கவே ஆள் இல்லை.

அந்தச் சிறு நூலகத்தை வருகிறவரின் பக்கத்திலிருந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். களமாக எடுத்துக்கொண்டவை ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூரும் திருப்பதியும். இரண்டும் ஓய்வில்லாத ஊர்கள். திருப்பதி நகரத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் மூன்று லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஆனால் ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பக்தர்கள் அந்த ஊரின் வழியாகத்தான் திருமலைக்கு ஏறி இறங்குகிறார்கள். சித்தூர், சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே, மாம்பழ மண்டிகளும் மாங்கூழ் ஆலைகளும் சூழ, வேலூரிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் ஊர். தெலுங்கும் தமிழும் அங்கே ஒரே கடை வாசலில் கேட்கும். பரபரப்பான நகரத்தில் ஒரு சிறு நூலகம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது, யாருக்குப் பயன்படுகிறது, யாரைத் திருப்பி அனுப்புகிறது என்று பார்க்க இந்த இரு ஊர்களும் பொருத்தமானவை.

ஒரே சட்டத்தில் பிறந்தவை

தமிழ் வாசகர் இதை அயலூர்ச் செய்தியாக நினைக்க வேண்டியதில்லை. 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம் சித்தூர்தான். அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமானது. வட ஆற்காட்டின் தலைமையிடம் வேலூருக்குப் போனது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதில் சேர்ந்தது. திருப்பதி வரை தமிழர் எல்லை என்று ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும் அதன் பின் வந்த படாஸ்கர் தீர்ப்பும் தமிழ் வாசகர் அறிந்தவை. அதன்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டமும் அதை ஒட்டிய சில பகுதிகளும் தமிழகத்துக்கு வந்தன. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நிலைத்தன.

நூலக வரலாறும் இந்த எல்லைக் கதையோடு பிணைந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்தது. அதற்கு உயிர் கொடுத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அதைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றிய கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். வேலூரும் தஞ்சாவூரும் எந்தச் சட்டத்தின் கீழ் வந்தனவோ அதே சட்டத்தின் கீழ்தான் சித்தூரும் திருப்பதியும் வந்தன. மாநிலம் பிரிந்த பிறகும் சில ஆண்டுகள் ஆந்திரப் பகுதியில் அந்தச் சட்டமே நடைமுறையில் இருந்தது. பிறகு தெலங்கானாப் பகுதியில் வழங்கிய 1955ஆம் ஆண்டு ஐதராபாத் சட்டத்தையும் இதையும் ஒன்றாக்கி 1960இல் ஆந்திரப் பிரதேசப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. தமிழகத்தில் மாவட்ட நூலக ஆணைக்குழு செய்யும் வேலையை அங்கே ஜில்லா கிரந்தாலய சம்ஸ்தா செய்கிறது. பெயர் வேறு, அடிப்படை ஒன்று. வீட்டுவரியோடு நூலக வரி வசூலாகும், அந்தப் பணத்தில் மாவட்டத்துக்கு ஒரு மைய நூலகமும் கிளைகளும் நடக்கும்.

சட்டத்துக்கு முன்பே ஆந்திரத்தில் மக்கள் இயக்கமாக நூலகம் வளர்ந்திருந்தது. 1914 ஏப்ரலில் அய்யங்கி வெங்கட ரமணய்யா முதலியோர் விஜயவாடாவில் ஆந்திர தேச நூலகச் சங்கத்தைத் தொடங்கினர். 1935இல் குண்டூர் மாவட்டத்துப் பெதபாலத்தில் பாதூரி நாகபூஷணம் கால்வாயில் படகு நூலகம் விட்டார். நம் பக்கத்தில் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை 1931இலேயே மாட்டுவண்டி நூலகம் ஓட்டியிருந்தார். வாசகர் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் நூலகம் வாசகரிடம் போக வேண்டும் என்பதை இரு மொழிக்காரர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் செய்து காட்டினார்கள். இன்றைய சிறு நூலகத்தை மதிப்பிடும்போது இந்த முன்னோடிகள் நினைவில் இருக்க வேண்டும்.

யார் வருகிறார்கள்

சிறு நூலகத்தின் நாள் செய்தித்தாளோடு தொடங்குகிறது. கதவு திறக்கும் நேரத்துக்கு முன்பே வாசலில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள்: ஆசிரியர், அரசுப் பேருந்துக் கழக (ஆர்.டி.சி.) ஊழியர், சிறு கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர். ஈநாடு, சாக்ஷி, ஆந்திரஜோதி மூன்றையும் படித்தால்தான் ஒரு செய்தியின் உண்மை பிடிபடும் என்று நம்புகிறவர்கள் இவர்கள். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஓர் அரசியல் சாய்வு உண்டு என்பதை நன்றாக அறிந்தவர்கள். வீட்டில் மூன்றையும் வாங்க யாராலும் முடியாது. ஒரே பத்திரிகையைத் தாள் தாளாகப் பிரித்து நான்கு பேர் படிப்பதும், மாவட்டச் செய்திப் பக்கத்துக்காக ஒருவர் மற்றவரின் தோளுக்குப் பின்னால் காத்திருப்பதும் இங்கே அன்றாடம். தேநீர்க்கடை பெஞ்சிலும் சலூனிலும் தமிழகம் பார்த்து வளர்ந்த கூட்டு வாசிப்பு இது. தனியாக வாழும் முதியவருக்கு நாளின் முதல் பேச்சுத்துணையும் இங்கேதான்.

இரண்டாவது கூட்டம் வேலைத் தேர்வுக்குப் படிப்பவர்கள். எண்ணிக்கையில் இன்று இவர்களே முதல். ஏ.பி.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகள், காவலர் தேர்வு, வங்கி, ரயில்வே, ஆசிரியர்களுக்கான டி.எஸ்.சி. என்று பட்டியல் நீளும். 2019இல் கிராம, வார்டு செயலகங்களுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பணியிடங்கள் அறிவிக்கப்பட்டபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. 2025இல் 16,347 ஆசிரியர் பணியிடங்களுக்கு மெகா டி.எஸ்.சி. நடந்தது. இப்படி ஓர் அறிவிப்பு வந்த மறுநாளே சிறு நூலகத்தின் நாற்காலிகள் நிரம்பிவிடும். தெலுகு அகாடமி புத்தகங்கள், பழைய வினாத்தாள் கட்டு, ஈநாடு நாளிதழின் பிரதிபா பக்கத்திலிருந்து எடுத்த குறிப்புகள், ஒரு தண்ணீர் பாட்டில் ஆகியவையே அவர்களின் முழு உடைமை. நம் ஊரில் பள்ளிப் பாடநூல்களை அடுக்கி வைத்துக்கொண்டு டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டால் படம் முழுதாகத் தெரியும். பெரும்பாலோர் கிராமத்திலிருந்து வந்து நாலைந்து பேராக ஓர் அறையில் தங்கியிருப்பவர்கள். அந்த அறையில் படிக்க முடியாது என்பதால்தான் வருகிறார்கள்.

மூன்றாவதாகக் குழந்தைகள். கோடை விடுமுறையிலும், நவம்பர் 14 தொடங்கும் தேசிய நூலக வாரத்திலும் பேச்சுப்போட்டி, ஓவியப்போட்டி என்று அவர்கள் குரல் கேட்கும். மற்ற மாதங்களில் அவர்கள் இருக்கும் இடம் டியூஷன்.

நான்காவதாகப் பெண்கள். தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் வருகிறார்கள். கதைக்காகவும் வாரப்பத்திரிகைக்காகவும் வரும் இல்லத்தரசிகளும், வேலை முடிந்து வருகிற பெண்களும் மிகக் குறைவு. ஒரு காலத்தில் ஸ்வாதி வார இதழையும் யத்தனபூடி சுலோசனாராணி நாவல்களையும் தேடித்தேடிப் படித்த தலைமுறை இது. அவர்கள் ஏன் வருவதில்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஐந்தாவதாக, கணக்கில் வராதவர்கள்: வெளியூர்க்காரர்கள். திருப்பதியில் தரிசன டோக்கனுக்கும் இரவு ரயிலுக்கும் இடையே மணிக்கணக்கில் காத்திருக்கும் யாத்திரிகர், அவர்களில் பலர் தமிழர், நூலகம் என்ற ஒன்று பக்கத்தில் இருப்பதையே அறியாமல் நடைமேடையில் உட்கார்ந்திருக்கிறார். யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம் என்ற ஓர் இடத்தை ஊரே மறைத்து வைத்திருப்பதாகத் தோன்றும்.

திருப்பதியில் பெரிய நூலகங்களுக்குக் குறைவில்லை. 1954இல் தோன்றிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 1939இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நிறுவிய கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தின் சுவடிகள், 1983இல் வந்த ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகம், 2015இல் வந்த ஐ.ஐ.டி., ஐசர், தேவஸ்தானத்தின் மைய நூலகம் என்று அறிவுச் செல்வம் குவிந்த ஊர் அது. ஆனால் பல்கலைக்கழக நூலகங்கள் தத்தம் மாணவருக்கும் ஆய்வாளருக்கும் உரியவை. பழ வண்டிக்காரரின் மகளுக்கும் லாட்ஜில் வேலை செய்யும் இளைஞருக்கும் எந்த அட்டையும் காட்டாமல் நுழையக்கூடிய இடம் சிறு பொது நூலகம் ஒன்றுதான். இத்தனை பெரிய நூலகங்களுக்கு நடுவிலும் அது தேவைப்படுவது இதனால்தான்.

தடுப்பவை நான்கு

வருகிறவர் ஏமாந்து திரும்பும் காரணங்களைத் தொகுத்துப் பார்த்தால் நான்கில் அடங்கும்: நேரம், இருக்கை, பூட்டு, மொழி.

முதலில் நேரம். கிளை நூலகங்கள் வழக்கமாகக் காலையில் 8 முதல் 11 வரை, மாலையில் 4 முதல் 7 வரை என்று இரு வேளையாகத் திறக்கின்றன, வெள்ளிக்கிழமை விடுமுறை. விவசாயியும் பள்ளி ஆசிரியரும் வந்துபோன காலத்துக்கு இது பொருந்தியது. இன்று நகரத்தில் இந்த ஆறு மணி நேரம் யாருக்கும் முழுதாகப் பயன்படுவதில்லை. கடை ஊழியர் இரவு 9 மணிக்குத்தான் விடுபடுகிறார். தேர்வர் 11 மணிக்குப் புத்தகத்தை மூடிக்கொண்டு வெயிலில் இறங்க வேண்டும். சித்தூர் வெயிலில் மதியம் 4 மணி வரை அவர் எங்கே போவார்? ஒரு நூலகரை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் திறப்பது நடக்காத காரியம் என்பது உண்மை. அந்த ஒருவருக்கும் விடுப்பும் வீடும் உண்டு. ஆகவே இது ஆள் பற்றாக்குறையின் பிரச்சினை. நூலகரின் குறையாகப் பார்ப்பது தவறு.

இரண்டாவது இருக்கை. நாற்காலி, மின்விசிறி, விளக்கு, குடிநீர், கழிப்பறை எல்லாவற்றையும் இதில் சேர்த்துச் சொல்கிறேன். பத்திரிகை படிப்பவரும் மணிக்கணக்கில் படிக்கும் தேர்வரும் ஒரே மேசையில் உட்காரும்போது இருவருக்கும் சங்கடம். முன்னவர் நண்பரோடு ஒரு வார்த்தை பேசினால் பின்னவர் முறைக்கிறார். பின்னவர் பையை வைத்து இடம் பிடித்துவிட்டுச் சாப்பிடப் போனால் முன்னவர் நின்றுகொண்டே படிக்கிறார். பெண்கள் குறைவாக வருவதற்கான காரணங்களில் முதன்மையானது இங்கேதான் இருக்கிறது. பல சிறு நூலகங்களில் கழிப்பறை இல்லை, அல்லது பூட்டியிருக்கிறது. ஆண்கள் மட்டும் நிறைந்திருக்கும் ஒரே கூடத்துக்குள் தனியாக நுழைந்து உட்காரப் பல பெண்கள் தயங்குகிறார்கள். மாலை 7 மணிக்குப் பிறகு விளக்கில்லாத சந்து வழியாகத் திரும்ப வேண்டியிருந்தால் வீட்டில் அனுப்புவதில்லை. வாசிப்பில் ஆர்வமில்லை என்று இதற்குப் பெயர் சூட்டுவது அநியாயம்.

மூன்றாவது பூட்டு. புத்தகங்கள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டப்பட்டிருக்கும் காட்சியைச் சிறு நூலகங்களில் இன்றும் காணலாம். இதற்குக் காரணம் நூலகரின் கெடுபிடி அன்று. இருப்புச் சரிபார்ப்பில் ஒரு புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். தொலைந்த புத்தகத்தின் விலை தம் சம்பளத்தில் கைவைக்குமோ என்ற அச்சம் அவருக்கு உண்டு. ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான பிறகு வாசகர் நேராக அலமாரிக்குப் போய்ப் புத்தகம் எடுக்கும் திறந்த முறையைக் கொண்டுவந்தார். 1931இல் வெளியான அவருடைய ஐந்து விதிகளின் முதல் விதியே புத்தகம் பயன்பாட்டுக்கானது என்பதுதான். என்ன வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தவர் மட்டுமே பூட்டிய அலமாரியிலிருந்து புத்தகம் கேட்க முடியும். எதைப் படிக்கலாம் என்று தேடி வந்தவர், குறிப்பாகக் குழந்தை, கண்ணாடிக்கு வெளியே நின்று முதுகட்டைகளைப் படித்துவிட்டுப் போக வேண்டியதுதான். கதைப் புத்தக வாசகர் குறைந்ததில் கைப்பேசிக்கு எவ்வளவு பங்கு உண்டோ, பூட்டுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் கருத்து.

நான்காவது மொழி. சித்தூர், நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்கின்றன. பல வீடுகளில் பாட்டி தமிழ் படிப்பார். பேரன் தமிழ் பேசுவான், தெலுங்கில் எழுதுவான். இவர்களுக்கு நூலகத்தில் தமிழ் என்று கிடைப்பது, கிடைத்தால், ஒரு நாளிதழும் பழைய சில நாவல்களும்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்களின் நிலையும் இதுவே. யுனெஸ்கோ 1949இல் வெளியிட்டுப் பின்னர் திருத்தி எழுதிய பொது நூலக அறிக்கை, மொழிச் சிறுபான்மையினருக்கான சேவையைப் பொது நூலகத்தின் கடமையாகவே வைக்கிறது. திராவிட மொழிகளுக்கென்றே 1997இல் ஒரு பல்கலைக்கழகம் குப்பத்தில் எழுந்தது. அந்த நோக்கம் அதே மாவட்டத்துத் தெருமுனை நூலக அலமாரிக்கும் வந்து சேர வேண்டும்.

இரண்டு வாதங்கள்

சிறு நூலகத்துக்கு எதிராக அடிக்கடி சொல்லப்படும் வாதங்கள் இரண்டு. இரண்டையும் ஆராய வேண்டும்.

கைப்பேசியில் எல்லாம் வந்துவிட்டது, இனி நூலகம் எதற்கு என்பது முதல் வாதம். செய்தியும் வினாத்தாளும் வகுப்புக் காணொளியும் கைப்பேசியில் கிடைப்பது உண்மை. ஆனால் கைப்பேசி வைத்திருக்கும் அதே இளைஞர்கள்தான் காலையில் நாற்காலி பிடிக்க ஓடி வருகிறார்கள். அவர்களுக்குக் குறைவாக இருப்பது தகவல் அல்ல; அமைதியும், மேசையும், தன்னைப் போலவே படித்துக்கொண்டிருக்கும் இன்னொருவர் பக்கத்தில் இருக்கும் ஊக்கமும்தான். இதற்கு வலுவான சாட்சி சந்தையிலேயே இருக்கிறது. பயிற்சி மையங்கள் பெருகிய நகரங்களில் மாதக் கட்டணம் வாங்கி ஒரு மேசையும் விளக்கும் மட்டும் தரும் ஸ்டடி ஹால்கள் முளைத்து நன்றாக நடக்கின்றன. உட்கார்ந்து படிக்கும் இடத்துக்கு மக்கள் காசு கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்றால் அந்த இடம் தேவைப்படுகிறது என்றே பொருள். காசு கொடுக்க முடியாதவருக்கு அதைத் தர வேண்டியது பொது நூலகம்.

தேர்வர்கள் நூலகத்தை ஆக்கிரமித்துக்கொண்டார்கள், உண்மையான வாசிப்பு போய்விட்டது என்பது இரண்டாவது வாதம். இலக்கிய அன்பர்கள் வருத்தத்தோடு சொல்வது இது. இந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. நாவல் அலமாரியின் முன் மேசை போட்டு உட்கார்ந்து, அந்தப் பக்கம் திரும்பாமலே ஆண்டுக்கணக்கில் படித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் மனம் கனக்கிறது. ஆனாலும் நிலம் இல்லாத வீட்டுப் பெண் ஒருத்தி டி.எஸ்.சி. எழுதி ஆசிரியை ஆகும் வழி இந்த மேசை வழியாகத்தான் போகிறது. அவளுடைய படிப்பைத் தாழ்ந்த வாசிப்பு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நாளை அவள் வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் உட்காருவார்கள். அவர்களுக்குப் புத்தகத்தின் ருசியைக் காட்டப்போவதும் அவள்தான். ஆக, தேர்வரை வெளியேற்றுவது தீர்வாகாது. அவருக்கென்று இடம் ஒதுக்கி, வெளியே வரும் வழியில் ஒரு நல்ல புத்தகம் கண்ணில் படும்படி வைப்பதே தீர்வு. சென்னையில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்குத் தனிப்பகுதி அமைத்தார்கள். அந்த ஏற்பாட்டுக்கு ஒன்பது மாடி வேண்டியதில்லை; ஒரு தடுப்புச்சுவரும் கூடுதலாகப் பத்து மேசையும் போதும்.

பணம் எங்கே இருக்கிறது

இத்தனைக்கும் பணம் வேண்டாமா என்று கேட்கலாம். பணத்தை மக்கள் ஏற்கெனவே கட்டிவிட்டார்கள் என்பதுதான் இந்தக் கேள்விக்கான விடை. ஆந்திரத்தில் வீட்டுவரியில் ரூபாய்க்கு 8 காசு நூலக வரி. தமிழகத்தில் 10 காசு. ஆண்டுக்கு 3,000 ரூபாய் வீட்டுவரி கட்டும் ஒரு திருப்பதிக் குடும்பம் 240 ரூபாயை நூலகத்துக்காகக் கொடுக்கிறது. இந்த வரியை வசூலிப்பது நகராட்சியும் ஊராட்சியும்; செலவிட வேண்டியது கிரந்தாலய சம்ஸ்தா. வசூலித்தவர் உரிய நேரத்தில் ஒப்படைக்காமல் நிலுவை வைப்பது ஆந்திரத்திலும் தமிழகத்திலும் ஆண்டுதோறும் செய்தியாகும் பழைய நோய். தெருவிளக்கு, குடிநீர், துப்புரவு என்று உள்ளாட்சிக்கும் நெருக்கடி இருக்கிறது. ஆனால் நூலகத்துக்கென்று பெயர் சொல்லி வாங்கிய காசை வேறு எதற்காகவும் தாமதப்படுத்துவது முறையல்ல.

2022 ஏப்ரல் 4 அன்று பழைய சித்தூர் மாவட்டம் பிரிந்து சித்தூர், திருப்பதி, அன்னமய்யா மாவட்டங்களுக்குப் பங்கானது. மாவட்டத் தலைநகரம் என்ற தகுதி திருப்பதிக்கு வந்தது. ஆட்சியர் அலுவலகமும் காவல் தலைமையகமும் உடனே வந்துவிடும். நூலகம் வரிசையில் கடைசியில்தான் நிற்கும். ஒரு நகரம் மாவட்டத் தலைநகராவதன் முழுப் பொருள், அங்கே கடைசி வாசகருக்கும் உட்கார இடம் உண்டு என்பதையும் உள்ளடக்கியது. 1972இல் தொடங்கிய ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை புத்தகத்துக்கும் கட்டடத்துக்கும் மைய அரசின் உதவியைத் தருகிறது. கேட்டுப் பெற வேண்டியது மாநிலத்தின் வேலை.

செய்யத்தக்கவை

மேலே சொன்ன நான்கு தடைகளுக்கும் மாற்று உண்டு. எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

நேரத்துக்கு: வாசிப்பு அறையைப் புத்தகப் பிரிவிலிருந்து பிரிக்கலாம். புத்தகம் வழங்குவது நூலகரின் நேரத்தில் நடக்கட்டும். வாசிப்பு அறையை ஒரு காவலரையும் வாசகர் குழுவையும் பொறுப்பாக்கிக் காலை 6 முதல் இரவு 10 வரை திறந்து வைக்கலாம். தமிழக நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு உண்டு. அது கூட்டம் நடத்துவதோடு நிற்காமல் நூலகத்தின் சாவிக்கும் பொறுப்பேற்றால் பாதிப் பிரச்சினை தீரும்.

இருக்கைக்கு: முதியோருக்குப் பத்திரிகை மேசை, தேர்வருக்கு அமைதிப் பகுதி, குழந்தைக்குத் தரையில் பாய் விரித்த ஒரு மூலை, பெண்களுக்குத் தனி மேசையும் பூட்டாத கழிப்பறையும். இதில் கழிப்பறையை முதலில் கட்ட வேண்டும். அது வந்தால் வாசகரில் பாதிப்பேர் புதிதாக வருவார்கள்.

பூட்டுக்கு: ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு புத்தகம் தொலைவதும் கிழிவதும் இயல்பு என்று விதியில் எழுதி, அந்த அளவுக்கு நூலகரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்க வேண்டும். அதன்பின் அலமாரிகள் தாமாகத் திறக்கும். படிக்கப்பட்டுக் கிழிந்த புத்தகம் நூலகத்தின் வெற்றிக் கணக்கில் சேர வேண்டும்.

மொழிக்கு: சித்தூர் மாவட்டக் கிளைகளில் ஒரு தமிழ் அலமாரி, திருத்தணிப் பக்கக் கிளைகளில் ஒரு தெலுங்கு அலமாரி என்று இரு மாநில நூலகத் துறைகளும் புத்தகம் மாற்றிக்கொள்ளலாம். அதோடு வட்டார எழுத்தாளர்களுக்கென ஒரு தட்டும் வேண்டும். தாமல்செருவில் ஆசிரியராக வாழ்ந்து 1993இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற மதுராந்தகம் ராஜாராம், தலுபுலபள்ளியில் பிறந்த மருத்துவரும் நாவலாசிரியருமான கேசவ ரெட்டி, சித்தூர்ப் பேச்சுமொழியை அப்படியே எழுத்துக்குக் கொண்டுவந்த நாமினி சுப்பிரமணியம் நாயுடு, சித்தூரை அடுத்த கட்டமஞ்சியில் பிறந்து ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான சி.ஆர். ரெட்டி ஆகியோரின் நூல்கள் சித்தூர் நூலகத்தில் கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டும். தன் ஊர்ப் பேச்சு அச்சில் வந்திருப்பதைப் பார்க்கும் பிள்ளை வாசகராவதற்கு வேறு தூண்டுதல் தேவையில்லை.

திருப்பதிக்கென்று இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் ஒட்டி, காத்திருப்போருக்கான சிறு வாசிப்பு அறை ஒன்றை மாநகராட்சியும் கிரந்தாலய சம்ஸ்தாவும் சேர்ந்து நடத்தலாம். தெலுங்கு, தமிழ், கன்னடம், இந்தி நாளிதழ்களும் குழந்தைக் கதைகளும் இருந்தாலே போதும். இந்தியாவின் பல மொழிக்காரர்களும் நாள்தோறும் மணிக்கணக்கில் காத்திருக்கும் ஊர் அது. படகிலும் வண்டியிலும் புத்தகம் ஏற்றிக்கொண்டு வாசகரைத் தேடிப்போன மரபுக்கு அப்படி ஓர் அறை ஏற்ற தொடர்ச்சியாகும்.

மொத்தத்தில் ஆய்ந்து காணும் முடிவு இது: சித்தூரிலும் திருப்பதியிலும் சிறு நூலகத்துக்கு வாசகர் பஞ்சம் இல்லை. வருகிறவரை வரவேற்கும் ஏற்பாட்டுக்குத்தான் பஞ்சம். முதியவரும் இளைஞரும் எல்லா இடைஞ்சலையும் பொறுத்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறார்கள். பெண்களும் குழந்தைகளும் தமிழ் வாசகரும் வாசலோடு நின்றுவிட்டார்கள். முன்னவர்களைத் தக்கவைப்பதும் பின்னவர்களை உள்ளே அழைப்பதும் ஒரே வேலையின் இரு பகுதிகள்.

இதைப் படிக்கும் வாசகர் வேலூரில் இருந்தாலும் சித்தூரில் இருந்தாலும் இரண்டு காரியம் செய்யலாம். அடுத்த முறை வீட்டுவரி கட்டும்போது அதில் நூலகத்துக்கான பங்கு போய்ச் சேர்ந்ததா என்று உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். பிறகு ஒரு மாலை நேரத்தில் வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பக்கத்து நூலகத்துக்குப் போய், பிள்ளையின் பெயரில் ஓர் உறுப்பினர் அட்டை வாங்குங்கள். கழிப்பறை பூட்டியிருந்தாலும், அலமாரி பூட்டியிருந்தாலும், அங்கே இருக்கும் ஆலோசனைப் புத்தகத்தில் எழுதிவிட்டு வாருங்கள். கேட்கிற வாசகர் இருக்கும் நூலகத்தை எந்த நிர்வாகமும் நெடுநாள் புறக்கணிக்க முடியாது.